கடோலினியம் நைட்ரைடு: உலோகமா, குறைக்கடத்தியா?

கேள்வி இதுதான்: "முதுகலை வேதியியல் படிக்கிறேன். பழைய கையேடு ஒன்று கடோலினியம் நைட்ரைடு உலோகம் போல மின்சாரம் கடத்தும் என்கிறது. புதிய கட்டுரைகள் குறைக்கடத்தி என்கின்றன. கணினிக் கணக்கீடு ஒன்றில் பாதி உலோகம் என்று வருகிறது. கியூரி வெப்பநிலையும் ஆளுக்கொரு எண். எதை நம்புவது? இதைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்க முடியுமா?"

முதலில் நேரான விடை. நைட்ரஜன் குறையாமல், ஆக்சிஜன் சேராமல் தயாரித்த கடோலினியம் நைட்ரைடு ஒரு குறைக்கடத்தி. ஏறத்தாழ 50 முதல் 60 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் அதே குறைக்கடத்தி ஃபெர்ரோ காந்தமாகவும், அதாவது இரும்பைப் போன்ற காந்தமாகவும், ஆகிவிடும். அந்த எல்லை வெப்பநிலைதான் கியூரி வெப்பநிலை. குறைக்கடத்தியும் ஃபெர்ரோ காந்தமும் ஒரே பொருளில் சேர்ந்து இருப்பது அபூர்வம். அதனால்தான் இந்தக் கறுப்புத் தூளுக்கு இவ்வளவு மரியாதை.

அப்படியானால் பழைய கையேடு பொய் சொல்கிறதா? இல்லை. அதை எழுதியவர்கள் தங்கள் கையில் இருந்த மாதிரியை ஒழுங்காகத்தான் அளந்தார்கள். அந்த மாதிரிதான் கடோலினியம் நைட்ரைடாக முழுசாக இல்லை. இந்தச் சேர்மத்தைப் பற்றி எதைப் படித்தாலும் அளந்தது சேர்மத்தையா, அதிலுள்ள ஓட்டைகளையா (நைட்ரஜன் அணு இல்லாமல் காலியாக நிற்கும் இடங்களையா) என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

இதன் அமைப்பு ரொம்ப எளிது. சமையல் உப்பின் அதே கனசதுர அமைப்பு. சோடியம் இருக்கும் இடத்தில் கடோலினியம், குளோரின் இருக்கும் இடத்தில் நைட்ரஜன். அலகுக்கூட்டின் விளிம்பு சுமார் 4.99 ஆங்ஸ்ட்ராம். லாந்தனம் முதல் லுட்டீசியம் வரை இந்த வரிசையின் ஒற்றை நைட்ரைடுகள் எல்லாமே இதே அமைப்புதான். லாந்தனம் நைட்ரைடில் 5.30 ஆங்ஸ்ட்ராம் இருக்கும் விளிம்பு லுட்டீசியம் நைட்ரைடில் 4.76 ஆகச் சுருங்குகிறது. பாடப்புத்தகத்தில் படித்த லாந்தனைடு குறுக்கத்தை இதைவிட அழகாகக் காட்டும் வரிசை எனக்குத் தெரிந்து குறைவு. நடுவில் சீரியம் நைட்ரைடு மட்டும் வரிசையில் நிற்காது. 5.2 பக்கம் இருக்க வேண்டியது 5.02-க்கு இறங்கிவிடும். சீரியம் தன் ஒற்றை எஃப் எலக்ட்ரானைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாமல் பிணைப்புக்கும் விட்டுக்கொடுப்பதே காரணம்.

இப்போது எலக்ட்ரான் கணக்கு. கடோலினியம் தன் 6எஸ் எலக்ட்ரான்கள் இரண்டையும் 5டி எலக்ட்ரான் ஒன்றையும் கொடுக்கிறது. நைட்ரஜன் அந்த மூன்றையும் வாங்கி தன் 2பி கூட்டை நிரப்பிக்கொள்கிறது. கணக்குப்பிள்ளை போலக் கூட்டிக் கழித்தால் வரவும் செலவும் சரியாக நிற்கும். நிரம்பிய 2பி நிலைகள் இணைதிறன் பட்டை, காலியான 5டி நிலைகள் கடத்தும் பட்டை, நடுவே ஓர் இடைவெளி. அதாவது குறைக்கடத்தி. மீதியிருக்கும் 4எஃப் எலக்ட்ரான்கள் ஏழும் அணுவுக்குள்ளே ஆழமாக உட்கார்ந்துகொண்டு, மின்சாரம் கடத்தும் வேலையில் தலையிடாமல், காந்த வேலையை மட்டும் பார்க்கின்றன.

இந்தக் கணக்கில் ஒரு நைட்ரஜன் அணு காணாமல் போனால் என்ன ஆகும்? அதற்கென்று எடுத்துவைத்த மூன்று எலக்ட்ரான்களும் வாங்க ஆளில்லாமல் நிற்கும். அவற்றில் ஒன்றாவது கடத்தும் பட்டைக்குப் போய்விடும். நூற்றுக்கு ஒரு நைட்ரஜன் குறைகிறது என்று வையுங்கள், பெரிய குறையாகத் தோன்றாது. ஆனால் ஒரு கன சென்டிமீட்டரில் ஏறக்குறைய 3.2 × 10²² நைட்ரஜன் இடங்கள் இருக்கின்றன. அதில் நூற்றில் ஒன்று என்றால் 3.2 × 10²⁰. ஓர் ஓட்டைக்கு ஓர் எலக்ட்ரான் என்றாலே, சிலிக்கானில் வேண்டுமென்றே கனமாக மாசு சேர்த்துக் கிடைக்கும் அளவு எலக்ட்ரான் இங்கே கேட்காமலேயே வந்துவிடுகிறது. வெப்பநிலை குறையக் குறைய மின்தடை குறைகிறது, பார்ப்பவர் உலோகம் என்று எழுதிவிடுகிறார். ஆக்சிஜன் நுழைந்தாலும் இதே கதைதான். நைட்ரஜன் இடத்தில் உட்காரும் ஆக்சிஜன் இரண்டு எலக்ட்ரான்தான் வாங்கும், மூன்றாவது சும்மா சுற்றும்.

தயாரிப்பு முறைகளைப் பார்த்தால் இந்த ஓட்டைகளும் ஆக்சிஜனும் ஏன் தவிர்க்க முடியாதவை என்று புரியும். பழைய வழி, கடோலினியம் உலோகத்தை நைட்ரஜனில் ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் சூடாக்குவது. அந்தச் சூட்டில் நைட்ரஜன் உள்ளே போகவும் செய்யும், வெளியே வரவும் செய்யும். அழுத்தம் போதாவிட்டால் ஓட்டைதான். உலோகத்தை முதலில் ஹைட்ரைடாக்கி நொறுக்கி அப்புறம் நைட்ரஜனேற்றுவது சற்றே மேல், தூளானபின் வாயு உள்ளே போவது சுலபம். கடோலினியம் ஆக்சைடைக் கரியோடு கலந்து நைட்ரஜனில் சுடும் வழியும் உண்டு. மலிவானது, ஆனால் கடைசிக் கொஞ்சம் ஆக்சிஜனும் கரியும் லேசில் விடாது. கடோலினியம் குளோரைடையும் லித்தியம் நைட்ரைடையும் கலந்து பற்றவைத்தால் விநாடிகளில் கடோலினியம் நைட்ரைடும் லித்தியம் குளோரைடும் ஆகிவிடும். வினையின் சூடே வினையை ஓட்டிக்கொண்டு போகும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் மின்பண்பு அளக்கும் தரத்தில் கிடைப்பது கடினம்.

எனக்கு இந்த வேதியியலில் மிகவும் பிடித்த இடம் வேறு. நைட்ரஜன் மூலக்கூறின் மும்மைப் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 945 கிலோஜூல் வேண்டும். அம்மோனியா ஆலைகளில் இரும்பு வினையூக்கி, 400, 500 டிகிரி, நூறு வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம் என்று பாடாய்ப் படுகிறார்கள். ஆனால் வெற்றிட அறையில் கடோலினியத்தை ஆவியாக்கிப் படியவிடும்போது, அருகில் மிகக் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் இருந்தாலே போதும். அறை வெப்பநிலையிலேயே, புதிதாகப் படிந்த உலோகப் பரப்பு அந்த மூலக்கூறைப் பிளந்து நைட்ரைடாகிவிடும். நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் இதை வைத்து அறை வெப்பநிலை அம்மோனியா பக்கமே போய்ப் பார்க்கிறார்கள்.

அதே குழுதான் உங்கள் கேள்வியையும் பெரிதும் தீர்த்துவைத்தது. 2006-ல் அவர்கள் வெளியிட்ட அளவீட்டில், கவனமாக வளர்த்த மெல்லிய படலங்கள் குளிர்விக்கும்போது மின்தடை ஏறிக்கொண்டே போனது. உலோகம் அப்படி நடக்காது. கியூரி வெப்பநிலையை ஒட்டி மட்டும் ஒரு மேடும் சரிவும் தெரிந்தன, காந்த ஒழுங்கு வந்ததும் எலக்ட்ரான்களின் வழி சற்றுச் சீராவதால். மறு ஆண்டு ஒளி உட்கவர்தலை அளந்தார்கள். அறை வெப்பநிலையில் இடைவெளி சுமார் 1.3 எலக்ட்ரான் வோல்ட். கியூரி வெப்பநிலைக்குக் கீழே அது இரண்டாகப் பிரிந்து, எஃப் எலக்ட்ரான்களோடு ஒரே திசைத் தற்சுழற்சி (ஒவ்வொரு எலக்ட்ரானையும் சின்னக் காந்தமாக்கும் பண்பு) உள்ளவற்றுக்குச் சுமார் 0.9 ஆகக் குறைந்தது. மாதிரியைக் குளிரவைத்தாலே காந்தம் அதன் நிறமாலையை நகர்த்துகிறது. இரவல் எலக்ட்ரான்கள் ஓடும் உலோகத்தில் இத்தனை தெளிவான நகர்வு கிடைத்திருக்காது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1.3 என்பது நேரடி இடைவெளி, ஒளி பார்ப்பது அதைத்தான். இணைதிறன் பட்டையின் உச்சி ஓரிடத்திலும் கடத்தும் பட்டையின் அடி வேறிடத்திலும் இருப்பதால், மறைமுக இடைவெளி இதைவிடச் சிறியது. கணினிக் கணக்கீடு தடுமாறுவதும் இங்கேதான். எளிய அடர்த்திச் சார்புக் கணக்கீடுகள் (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்து ஆற்றலைக் கணிப்பவை) இடைவெளியைக் குறைத்தே காட்டும் என்பது ஊரறிந்த குறை. உண்மையிலேயே சிறியதாக உள்ள ஒன்றைக் குறைத்தால் அது சுழிக்கும் கீழே போய்விடும். ஒரு தற்சுழற்சிக்குப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், மற்றதற்கு ஏறாது. அதைத்தான் உங்கள் மென்பொருள் பாதி உலோகம் என்கிறது. ஒரு திசைத் தற்சுழற்சிக்கு மட்டும் உலோகமாக இருப்பது பாதி உலோகம். பட்டைகள் லேசாக மேலேறி இரு திசைக்கும் கொஞ்சம் கடத்துவது அரை உலோகம். தமிழில் இரண்டும் ஒரே பொருள் மாதிரி ஒலிப்பதால் குழப்பிக்கொள்ளாதீர்கள். எஃப் எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கலைத் தனியாகச் சேர்த்து, டி பட்டைக்கும் அதே திருத்தம் கொடுத்தால் குறைக்கடத்தி விடை வரும். எந்தத் திருத்தத்தை எவ்வளவு போடுவது என்பதில் சோதனையைப் பார்த்துத்தான் முடிவு எடுக்கிறார்கள், கணக்கீட்டை மட்டும் சாட்சியாக வைக்க நான் தயங்குவது அதனால்தான்.

சரி, காந்தத்துக்கு வருவோம். ஏழு எஃப் ஆர்பிட்டால்கள், ஏழு எலக்ட்ரான்கள், ஹுண்ட் விதிப்படி ஏழும் ஒரே திசை. ஒரு கடோலினியத்துக்கு 7 போர் மேக்னட்டான் (அணுக்காந்தத்தை அளக்கும் அலகு). இதை அலகுக்கூட்டின் கன அளவால் வகுத்துப் பார்த்தால் தாழ்ந்த வெப்பநிலையில் தெவிட்டு காந்தம் 2.6 டெஸ்லா வரும். இரும்பு 2.2 தான். ஒரு குறைக்கடத்தி இரும்பை முந்துகிறது என்றால் பலர் நம்ப மாட்டார்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டால் ஐந்து நிமிட வேலை.

ஏழும் பாதி நிரம்பிய கூடு என்பதால் சுற்றுப்பாதை உந்தம் சுழி. மின்மேகம் உருண்டையாக இருக்கும், படிகத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான். அதனால் இதன் காந்தத் திசையைத் திருப்பச் சிறிய புலமே போதும், மென்காந்தம்.

கடோலினியம் உலோகத்தின் கியூரி வெப்பநிலை 293 கெல்வின், அதாவது 20 டிகிரி செல்சியஸ். மார்கழிக் காலையில் காந்தம், சித்திரை மதியத்தில் இல்லை. நைட்ரைடிலும் பக்கத்துப் பக்கத்துக் கடோலினியங்களுக்கு இடையே 3.5 ஆங்ஸ்ட்ராம்தான், உலோகத்தில் உள்ள தூரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆனால் கியூரி வெப்பநிலை ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகச் சரிந்துவிடுகிறது. தூரம் மாறவில்லை, நடுவே தூது போகும் எலக்ட்ரான்கள்தான் போய்விட்டன. எஃப் எலக்ட்ரான்கள் ஆழத்தில் இருப்பதால் ஒன்றையொன்று நேராகத் தொடுவதில்லை. உலோகத்தில் கடத்தும் எலக்ட்ரான்கள் ஒன்றின் திசையை இன்னொன்றுக்குச் சொல்லும். சுத்தமான நைட்ரைடில் அந்த ஆள் இல்லை. காலியான 5டி நிலைகளும் நைட்ரஜனின் 2பி நிலைகளும் வழியாகச் செய்தி பலவீனமாகப் போகிறது.

உங்கள் கியூரி வெப்பநிலைக் குழப்பத்துக்கு விடையும் இதிலேயே இருக்கிறது. நைட்ரஜன் ஓட்டை அதிகமானால் தூது போகும் எலக்ட்ரான்களும் கூடும், கியூரி வெப்பநிலை 70 கெல்வின் பக்கம் ஏறும். ஓட்டையைக் குறைத்தால் 50 பக்கம் இறங்கும். 1997-ல் ஜப்பானில் விகிதம் சரியாக அமைந்த மாதிரிகளில் 58 கெல்வின் அளந்தார்கள். அதே ஆய்வில் நைட்ரஜனுக்குப் பதில் பாஸ்பரஸ், ஆர்சனிக், ஆண்டிமனி, பிஸ்மத் போட்ட சேர்மங்கள் எல்லாமே எதிர் ஃபெர்ரோ காந்தமாக (அணுக்காந்தங்கள் எதிரெதிராக நின்று கழிந்துபோகும் வகை), 16 முதல் 26 கெல்வினுக்குள் ஒழுங்குக்கு வந்தன. குடும்பத்தில் நைட்ரைடு மட்டும் ஃபெர்ரோ. யூரோப்பியம் ஆக்சைடு இதற்குக் கூடப் பிறந்ததுபோல. அதிலும் எஃப் எலக்ட்ரான் ஏழு, அதே உப்பு அமைப்பு, கியூரி வெப்பநிலை 69 கெல்வின். அதில் யூரோப்பியத்துக்குப் பதில் கொஞ்சம் கடோலினியம் கலந்து எலக்ட்ரான் கூட்டினால் நூறு கெல்வினுக்கு மேலே போகிறது. ஆக, ஒரு கட்டுரையில் கியூரி வெப்பநிலை உயரமாக இருந்தால் நல்ல மாதிரி என்று நினைக்காதீர்கள். பல நேரம் அது கெட்டுப்போன மாதிரியின் அடையாளம்.

காந்த அமைப்பைப் பார்க்க வழக்கமாக நியூட்ரான் விளிம்பு விளைவைத்தான் (படிகத்தில் பட்டுச் சிதறி வரும் நியூட்ரான்களின் கோலத்தை) நம்புவோம். இங்கே அதுவும் சுலபமாக உதவாது. கடோலினியம் 157 ஐசோடோப்பு வெப்ப நியூட்ரான்களை விழுங்குவதில் நிலையான அணுக்கருக்களிலேயே முதலிடம். அனுப்பிய நியூட்ரான் திரும்பி வராது.

பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. சமாரியம் நைட்ரைடு. அதில் எஃப் எலக்ட்ரான் ஐந்து. தற்சுழற்சிக் காந்தமும் சுற்றுப்பாதைக் காந்தமும் எதிரெதிராக நின்று ஏறக்குறைய முழுவதும் கழிந்துவிடுகின்றன. மிச்சம் ஒரு சமாரியத்துக்கு 0.035 போர் மேக்னட்டான், அவ்வளவுதான். ஆனால் 27 கெல்வினுக்குக் கீழே தற்சுழற்சிகள் எல்லாம் ஒழுங்காக ஒரே திசையில்தான் நிற்கின்றன. வெளியே காந்தப்புலம் இல்லாத ஃபெர்ரோ காந்தம்! வெளிப்புலம் பிடித்துத் திருப்பக் கைப்பிடியே இல்லாததால் அதைத் திருப்ப ஆறு டெஸ்லா போட்டாலும் மசியாது. மென்மையான கடோலினியம் நைட்ரைடையும் இந்தப் பிடிவாதக்காரனையும் அடுத்தடுத்த படலமாக வளர்த்தால், ஒன்று புலத்துக்குத் திரும்பும், மற்றது அசையாது. நினைவகத்துக்கு வேண்டிய ஏற்பாடு அதுதான். யூரோப்பியம் நைட்ரைடோ மூன்று நேர்மின் யூரோப்பியத்தின் மொத்த உந்தம் சுழி என்பதால் காந்தமே ஆகாது. வேதியியலில் அண்ணன் தம்பிகள், காந்தத்தில் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை.

பயன்பாடு என்று கேட்டால் இன்னும் கடைக்கு வரவில்லை. கேம்பிரிட்ஜில் 2011-ல் நையோபியம் நைட்ரைடு மீக்கடத்திகள் இரண்டுக்கு நடுவே சில நானோமீட்டர் கடோலினியம் நைட்ரைடு வைத்து, ஒரு திசைத் தற்சுழற்சியை மட்டும் எளிதாக உள்ளே விடும் ஜோசப்சன் சந்தியைச் செய்தார்கள். இரண்டு தற்சுழற்சிகளுக்கும் தடுப்புச் சுவரின் உயரம் வேறு, புகுந்து போகும் வாய்ப்போ உயரத்தைப் பொறுத்து அடுக்குக்குறியில் மாறும். அதனால் சிறு வித்தியாசமே பெரிய வடிகட்டி ஆகிவிடுகிறது. காலியம் நைட்ரைடு ஒளி உமிழ் டையோடுகளில் சந்தித் தடையைக் குறைக்க, கடோலினியம் நைட்ரைடை நானோ திட்டுகளாக நடுவே தூவிப் பார்த்ததும் உண்டு, ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், 2013-ல்.

எனக்கு அதிகம் நம்பிக்கை உள்ளது ஹைட்ரஜனைத் திரவமாக்கும் வேலை. காந்தப்புலத்தில் வைத்து எடுத்தால் குளிரும் பொருட்களை வைத்து, திரவ நைட்ரஜனின் 77 கெல்வினிலிருந்து ஹைட்ரஜனின் 20 கெல்வினுக்கு இறங்க வேண்டும். கடோலினியம் நைட்ரைடு 60 பக்கம், டெர்பியம் நைட்ரைடு 40 பக்கம், டிஸ்ப்ரோசியம் நைட்ரைடு 20 பக்கம் என்று படிக்கட்டு ஏற்கெனவே கட்டியே இருக்கிறது. எல்லாம் ஒரே அமைப்பு என்பதால் கலந்தால் இடைப்படியும் கிடைக்கும். கடோலினியத்தில் கிடைக்கக்கூடிய அதிகபட்ச காந்த என்ட்ரோபி மோலுக்கு 17.3 ஜூல், கெல்வினுக்கு. இந்த வேலைக்கு ஓட்டை இருந்தாலும் பெரிய சேதமில்லை என்பது கூடுதல் நிம்மதி.

கடைசியாக ஆய்வகம். இதன் பெரிய எதிரி ஈரம். கடோலினியம் நைட்ரைடு தண்ணீரோடு சேர்ந்தால் கடோலினியம் ஹைட்ராக்சைடும் அம்மோனியாவும் ஆகும். ஒருமுறை நான் சிலிக்கா ஜெல் நிறம் மாறியதைக் கவனிக்காமல் உலர்கலத்தில் ஒரு குப்பியை விட்டுவிட்டேன், வெளியே ஐப்பசி மழை. இரண்டு நாள் கழித்து மூடியைத் திறந்தபோது மூக்கில் ஏறிய நெடி ஒரு வாரம் மறக்கவில்லை, கறுப்புத் தூள் விளிம்பெல்லாம் வெளுத்திருந்தது. படலம் வளர்ப்பவர்கள் வெற்றிட அறையை விட்டு எடுக்கும் முன்பே மேலே அலுமினியம் நைட்ரைடோ காலியம் நைட்ரைடோ போர்த்திவிடுவது இதனால்தான். தூளை ஆர்கான் நிரம்பிய கையுறைப் பெட்டியில் மட்டும் திறக்க வேண்டும்.

எனவே கல்லூரியில் தயாரிக்க முயல வேண்டாம். லித்தியம் நைட்ரைடு வழியை அனுபவமுள்ள மேற்பார்வை இல்லாமல் தொடவே கூடாது. ஆனால் விற்பனைக்கு வரும் தூள் ஒரு கிராம் வாங்கினால் நீங்களே செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று உண்டு. அமிலத்தில் கரைத்தால் அதன் நைட்ரஜன் முழுவதும் அம்மோனியம் அயனியாக மாறும். காரம் சேர்த்து வடித்து, கெல்டால் முறையில் தரம் பார்க்கலாம். மோலார் நிறை 171.26, நைட்ரஜனின் பங்கு 8.18 சதவீதம் வர வேண்டும். நூற்றுக்கு ஒரு நைட்ரஜன் குறைந்தால் 8.10. இந்த 0.08-ஐப் பிடிக்க மூன்று நாலு முறை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும், எடை போடும்போதே ஈரம் கொஞ்சம் தின்றுவிடும் என்பதால் எடைப் புட்டியையும் கையுறைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.